தலைக்காசு

தோட்டத்துத் தமிழில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. நாள் முழுவதும் மலையில் நின்று, விதித்த நிறைக்குக் கொழுந்து எடுத்துவிட்டால் அன்றைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். “இந்த மாதம் உனக்கு எத்தனை பேர்?” என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், அவள் விசாரிப்பது தோழி உழைத்த நாட்களின் தொகையை. மனிதனுடைய பெயரும் அவனுடைய ஒருநாட் கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இந்த வழக்கை வகுப்பில் மொழிப்பாடம் நடத்தும்போது பலமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அது வேடிக்கைக்கு உரியதன்று என்பதை 2025 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர்தான் அறிந்துகொண்டேன்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் டயகம. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று ஏறிக்கொண்டே போகும் பாதையில் தேயிலை முடியும் இடம் எங்கள் ஊர். அதற்கு அப்பால் காடு. காட்டுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் பத்தாண்டு படிப்பித்துவிட்டு, இப்போது ஹட்டனில் ஒரு கல்லூரியில் தமிழாசிரியனாக இருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தாயாரைப் பார்க்க ஊருக்குப் போவது வழக்கம். பண்டிகைக் காலத்தில் ஊரின் முகமே வேறு. கொழும்புத் துணிக்கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பஸ் நிறைய வந்து இறங்குவார்கள். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்திருப்பார்கள். பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும் கடன்தான் அது. எனினும் கையில் காசு புழங்கும் அந்த ஒரு கிழமை லயங்களில் சிரிப்புச் சத்தம் சற்றுக் கூடுதலாகவே கேட்கும்.

அன்று மாலை நல்ல மழை. குடையும் கையுமாக ஒருவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். என்னிடம் படித்தவன். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி என்றே குறிப்பிடுகிறேன். முந்தைய தீபாவளிக்குச் சொந்த வேனில் வந்து இறங்கியவன், இம்முறை நடந்து வந்திருந்தான்.

அவனைப் பற்றி நான் அதுவரை அறிந்திருந்தது இவ்வளவுதான். உயர்தரப் பரீட்சையில் தமிழில் மிக நன்றாகத் தேறினான். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளி கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றான். பின்னர் வெள்ளவத்தையில் இரண்டு மூன்று பேரோடு ஓர் அறை எடுத்துக்கொண்டு, இணையத்தில் ‘விளம்பர வேலை’ செய்வதாகச் சொன்னான். நல்ல மாதமொன்றில் 3 இலட்சம் ரூபாய்க்கு மேலும் வந்ததாம். 2024 இல் அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்த தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாய்தான். அவன் தாய் ஒன்பது மாதம் மலை ஏறிச் சம்பாதிப்பதை அவன் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஒரே மாதத்தில் சம்பாதித்தான். லயத்து வீட்டுக்கு முன்னால் சீமெந்தில் ஓர் அறை எழுந்தது. லீசிங்கில் வேன் வந்தது. 2024 இல் எங்கள் பழைய பாடசாலை நூலகத்துக்கு இரண்டு புத்தக அலுமாரிகளும் வந்தன.

அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். நானும் மகிழ்ந்து, “பிள்ளைகளே, தமிழைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இதோ, தமிழில் எழுதியே முன்னுக்கு வந்த தம்பி! இவனைப் பாருங்கள், இவன் வழியில் போங்கள்” என்று மேடையிலே பேசினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாசக அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் அதனிடத்துக்கு வருவேன்.

தேநீர் ஆறும்வரை பேசாமல் இருந்தவன், “சேர், தொழில் போயிருச்சு” என்றான். என்ன தொழில் என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். அவனும் மறைக்காமல் சொன்னான்.

இணையச் சூதாட்டக் கொம்பனிகளுக்கு ஊர்தோறும் கடை கிடையாது. ஆகவே ஆள் சேர்த்துக் கொடுக்கத் தரகர்கள் வேண்டும். அவர்களை ‘அஃபிலியேட்’ என்கிறார்கள். இணைப்புத் தரகர் எனலாம். தரகர் தமது முகநூல் பக்கத்திலோ டெலிகிராம் குழுவிலோ கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவார்: இன்றைய ஆடுகளம் எப்படி, எந்தப் பந்துவீச்சாளர் கைகொடுப்பார், நாணயச் சுழற்சியில் வென்றவர் எதைத் தெரிவார் என்றெல்லாம். எழுத்தின் அடியில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்திச் சென்று கணக்குத் திறப்பவன்மீது தரகருடைய அடையாளக் குறி ஒட்டிக்கொள்ளும்.

தரகருக்குக் கூலி இருவகை. ஒன்று, புதிதாகச் சேர்ந்து பணம் கட்டும் ஆள் ஒவ்வொருவருக்கும் தலைக்கு இத்தனை என்று ஒருமுறை கிடைப்பது. மற்றது, அந்த ஆள் தோற்கும் பணத்தில் நூற்றுக்கு இத்தனை என்று, அவன் ஆடும் காலமெல்லாம் மாதந்தோறும் கிடைப்பது. சேர்த்துவிட்ட ஆட்கள் ஒரு மாதம் மொத்தத்தில் வென்றுவிட்டால் தரகருக்கு ஒன்றும் இல்லை. சில கொம்பனிகள் அந்த நட்டத்தை அவருடைய அடுத்த மாதக் கணக்கிலும் ஏற்றிவிடும். தன் சொல்லை நம்பி வந்தவன் தோற்கவேண்டும் என்பதே அத்தொழிலின் மௌனப் பிரார்த்தனை. தம்பி இந்த இரண்டாவது வகையைத் தெரிந்துகொண்டவன்.

அவன் சேர்த்த ஆட்கள் 1,203 பேர். அவர்களில் 1,140 பேர் தமிழ்நாட்டு இளைஞர்கள். மீதி 63 பேர் நம் மலைநாட்டவர்.

தமிழ்நாட்டில் இச்சூதைத் தடுக்க 2022 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ரம்மி, போக்கர் ஆகிய இரண்டையும் அதன் தடையிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் விலக்கியது. பின்னர் 2025 ஆகஸ்ட் 20 ஆம் திகதி இந்திய மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் நாடு முழுவதற்குமான சட்டத்தை நிறைவேற்றின. 22 ஆம் திகதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம், திறமையைச் சார்ந்ததாயினும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததாயினும், கூடாது என்பது அச்சட்டம். நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 இலட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடி இழந்தவனுக்குத் தண்டனை இல்லை. ட்ரீம்11, எம்பிஎல் முதலிய பெருங்கொம்பனிகள் சில நாட்களுக்குள் பண ஆட்டங்களை நிறுத்தின. 358 கோடி இந்திய ரூபாய் ஒப்பந்தத்தின்பேரில் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் எழுதியிருந்த ட்ரீம்11 என்ற பெயர் செப்டெம்பர் ஆசியக் கிண்ணத்துக்கு முன்னரே நீங்கிவிட்டது. நம் நாட்டிலும் அதே 2025 இல், பழைய குதிரைப் பந்தயச் சட்டத்தையும் சூதாட்டச் சட்டத்தையும் 2010 ஆம் ஆண்டின் கசினோச் சட்டத்தையும் நீக்கி, சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

தம்பியின் கொம்பனி எங்கோ கடலுக்கு அப்பாலுள்ள தீவொன்றில் பதிவு செய்தது. செப்டெம்பரில் அதனிடமிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது. இந்தியாவையும் அதைச் சூழ்ந்த நாடுகளையும் விட்டு விலகுகிறோம். கணக்குகள் யாவும் மூடப்படும். உமது பங்கு இத்திகதியோடு முடிகிறது. இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. ஆயுட்காலப் பங்கு என்றார்களே என்று தம்பி எழுதிக் கேட்டான். ஆயுள் என்பது கணக்கின் ஆயுள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. வேனுக்கு லீசிங் தவணை இரண்டு தவறிவிட்டது.

“மற்றத் தரகர்கள் என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டேன். அவன் நான்கு வழிகள் சொன்னான். சிலர் மொழியை மாற்றிக்கொண்டு வேறொரு நாட்டுக்கு எழுதப் போய்விட்டார்கள். சிலர் அதே குழுவில் சூதுக்குப் பதிலாக உடனடிக் கடன், எண்மநாணய வியாபாரம் என்று வேறு சரக்கை விற்கத் தொடங்கினார்கள். கடை அதுவே, பலகைதான் வேறு. மிகச் சிலர் எழுதும் திறமையை மட்டும் வைத்துக்கொண்டு விளையாட்டுச் செய்திக்கோ வேறு வேலைக்கோ திரும்பினார்கள். பெரும்பாலோர் எடுத்த வழி, நாட்டை விட்டு விலகாமல் நிற்கும் வேறு கொம்பனிக்குத் தங்கள் ஆட்களை அப்படியே பெயர்த்துக் கொடுப்பது.

இந்த நான்காம் வழிக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் 2006 அக்டோபரில் இணையச் சூதுக்குப் பணம் செலுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டிருந்த பார்ட்டிகேமிங் என்ற பெருங்கொம்பனி உடனே அமெரிக்க ஆட்டக்காரரைக் கைவிட்டது. அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. அமெரிக்கத் தரகர் பலர் தம் ஆட்களை விலகாது நின்ற கொம்பனிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று ஃபுல் டில்ட் போக்கர். 2011 ஏப்ரல் 15 ஆம் திகதி அமெரிக்க அரசாங்கம் அக்கொம்பனிகள்மீது வழக்குத் தொடுத்து இணையதளங்களைக் கைப்பற்றியது. ஃபுல் டில்ட் உலகெங்கும் ஆட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 39 கோடி டொலர். வங்கியில் இருந்ததோ 6 கோடி டொலர் அளவே என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் கூறியது. அமெரிக்க ஆட்டக்காரருக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 இல். சட்டத்துக்கு அஞ்சுபவன் முதலில் விலகுகிறான். ஆகவே விலகாமல் நிற்பவனிடம் ஆளைக் கொடுக்கும் தரகன், அஞ்சாதவனிடம் கொடுக்கிறான் என்றே கொள்ளவேண்டும்.

தம்பிக்கும் அத்தகைய ஓர் அழைப்பு வந்திருந்தது. வேறொரு கொம்பனி, எந்த நாட்டில் பதிவு என்பதே தெரியாது. பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலைக் கொடுத்தால் தலைக்கு இத்தனை என்று உடனே பணம். கணக்குத் திறக்க உதவியபோது பெற்றுக்கொண்ட எண்களை அவன் ஒழுங்காக எழுதி வைத்திருந்தான். பட்டியலைக் கொடுத்தால் வேன் பிழைக்கும். “கொடுக்கலாமா சேர்?” என்று கேட்கத்தான் மழையில் நடந்து வந்திருக்கிறான்.

அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், “இது நம்ம தாத்தா பாத்த தொழில்தானே?” என்றார்.

தாயாரின் பாட்டனார் ஒரு சில்லறைக் கங்காணி. திருச்சிராப்பள்ளிச் சீமையில் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்தவர். கங்காணி முறையைப் பற்றி நான் புத்தகத்தில் படித்தவன். தாயார் வீட்டில் கேட்டவர். தோட்டத்துரை கொடுத்த முற்பணத்தோடு கங்காணி தன் ஊருக்குப் போவான். தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் விளைகின்றன என்ற கதை அப்போது ஊர் ஊராகப் போயிற்று. வழிச்செலவு, சோற்றுச் செலவு, கம்பளி எல்லாம் ஆளின் கணக்கில் கடனாக ஏறும். அந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு சில சதம் கிடைக்கும். ஒருமுறை கிடைப்பதும் உண்டு. ஆள் உழைக்கும் காலமெல்லாம் கிடைப்பதும் உண்டு. தம்பி சொன்ன இருவகைக் கூலியும் இங்கே நூறாண்டுக்கு முன்பே இருந்தன.

ஒரு தோட்டம் வேண்டாமென்றால் கங்காணி ‘துண்டு’ வாங்குவான். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவர் ஆட்களை அழைத்துச் செல்லலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் துண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவான். ஆட்களும் அவர்களுடைய கடனும் சேர்ந்தே கைமாறுவார்கள். 1921 இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1939 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. ஆள்கட்டும் தொழில் அன்றோடு முடிந்தது.

“அப்புறம் தாத்தா என்ன செஞ்சாரு?” என்று தம்பி கேட்டான். தாயார் சொன்னார்: “கடை போட்டாரு. கடனுக்கு அரிசி குடுத்தாரு. ஆளு பழைய ஆளுதான், நோட்டும் பழைய நோட்டுதான். செத்துப் போனவன் பேரு கடன மகன் பேருல எழுதுவாராம். அந்தக் காசு தங்கல. எங்க அம்மா கொழுந்துக்குத்தான் போச்சு, நானும் போனேன்.”

தாயார் இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை; வீட்டு வரலாறாகச் சொன்னார். தொழில் போன கங்காணிமீது எனக்கு இரக்கம் உண்டு. அவனும் வறுமைக்கு அஞ்சி ஓடியவனே. துரையின் கணக்குக்கும் ஆளின் பசிக்கும் நடுவே நின்றவன். சந்தை மூடியபோது துரைக்குத் தோட்டம் இருந்தது, கங்காணிக்கு எஞ்சியது ஒரு நோட்டுத்தான். அந்த நோட்டை அவன் என்ன செய்தான் என்பதே அவனைப் பற்றி நாம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி. பெயரை அடித்து விடுதலை செய்யவும் அதனால் முடிந்தது. வேறொரு கணக்குக்குப் பெயர்த்து எழுதவும் முடிந்தது.

தம்பியிடம் இதைச் சொல்லி உபதேசம் செய்யவே வாயெடுத்தேன். அதற்குள் அவன் கைத்தொலைபேசியைத் திறந்து, மலைநாட்டுப் பகுதி 63 பேரின் பட்டியலை என்னிடம் நீட்டினான். பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து, தோட்டம், சேர்ந்த திகதி. அகர வரிசையில் இருந்தது. இரண்டு வரி படித்ததும் என் நாக்கு தானாகவே அடுத்த பெயருக்குப் போயிற்று. அவை நான் வரவுப் பதிவேட்டைத் திறந்து ஆண்டுக்கணக்காகக் காலைதோறும் கூப்பிட்ட பெயர்கள். எண்ணிப் பார்த்தேன்: 19 பேர் என் மாணவர்கள்.

திகதிகளையும் பார்த்தேன். அந்தப் பத்தொன்பதில் 7 பேர் ஒரே கிழமையில் சேர்ந்திருந்தார்கள். அது 2024 இல் பரிசளிப்பு விழா நடந்த கிழமை.

“சேர் மேடையில பேசினீங்களே, அதுக்குப் பொறகு அவனுங்களாத் தேடி வந்தானுங்க. ‘சேரே சொல்லிட்டாரு’ன்னானுங்க” என்றான். அவன் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. தன் நன்றியைத் தெரிவிப்பவன் போலவே சொன்னான்.

திருக்குறளில் 94 ஆம் அதிகாரம் சூது. அதனை எத்தனையோ ஆண்டு நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் ஆடுபவனைப் பற்றியே பேசியிருக்கிறேன். எங்கள் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடுவார்கள். அருச்சுனன் தவக்கம்பத்தில் ஏறும்போது கீழே நின்று கும்பிட்டு வளர்ந்தவன் நான். அந்தக் காட்டுவாசமெல்லாம் சூதால் வந்தது என்று சிறுவயதிலேயே தெரியும். தருமனைப் பற்றியும் சகுனியைப் பற்றியும் தர்க்கம் செய்திருக்கிறேன். விதுரனை நினைத்ததே இல்லை. பாண்டவரைச் சூதுக்கு அழைத்துவர இந்திரப்பிரத்தம் போனவன் அவன். அரசன் ஆணையை மீறமாட்டாமல் போனான்; போன இடத்தில், இது கேடு தரும் என்பதையும் சொல்லியே அழைத்தான். நானோ யாரும் ஆணையிடாமல் அழைத்தேன். கேடு என்பதையும் சொல்லவில்லை. காசு எங்கிருந்து வருகிறது என்று ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு அலுமாரியைக் கண்டதும் கேட்க மறந்தேன். தம்பிக்குத் தலைக்காசாவது கிடைத்தது. நான் கூலி வாங்காத தரகன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தோம். பிறகு, “பட்டியலைக் கொடுக்காதே, அழித்துவிடு” என்றேன். “அழிச்சிருவேன் சேர். ஆனா பழைய கொம்பனிகிட்டயும் ஒரு பிரதி இருக்கும். அவங்க வித்தாங்கன்னா, புதுசா ஒருத்தன் இவனுங்களுக்கு எழுதுவான்” என்றான். அவன் சொன்னது சரி. அழிப்பதால் எங்கள் கை கழுவப்படுமேயன்றி அவர்கள் காக்கப்படமாட்டார்கள். ஆளிடம் நேரே போய்ச் சொல்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அவனும் புறப்பட்டு, எங்கள் டிவிசனிலும் அக்கம்பக்கத்திலும் என் மாணவர் 19 பேரின் வீடுகளுக்குப் போனோம். பண்டிகைக்கு வந்திருந்தவர்கள் 12 பேர். வீடுதோறும் பலகாரத் தட்டு நீட்டினார்கள். தம்பி தன் தொழிலைச் சொன்னான். நீ தோற்றதில் எனக்குப் பங்கு இருந்தது என்று சொன்னான். நான் மேடையில் பேசியது தவறு என்று சொன்னேன். சொல்லும்போது தாய்மார் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

எல்லாரும் ஒரே வகையாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவன் சிரித்து, “விளையாட்டுக்குப் போட்டது சேர், பெரிசா ஒண்ணும் இல்ல” என்றான். அவன் தாய் காதில் தோடு இல்லாததை நான் பார்த்தேன், அவனும் நான் பார்ப்பதைப் பார்த்தான். இன்னொருவன் தம்பியோடு பேசமாட்டேன் என்று எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டான். ஒருவன் மிகப் பணிவாக எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில், “அப்ப இப்ப எந்தக் கொம்பனி நல்லது சேர்?” என்று கேட்டான். நாள் முழுவதும் நடந்த களைப்பைவிட அந்த ஒரு கேள்வி என்னை அதிகமாகச் சோர்வடையச் செய்தது.

ஒரு வீட்டில் மட்டும், மகன் கொழும்பிலிருந்து வரவில்லை, தாய் இருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர் கோபிக்கவில்லை. “அவன் மூணு மாசமாக் காசு அனுப்பல. சம்பளம் குறைச்சிட்டாங்கன்னு சொன்னான். இப்பத்தான் தெரியுது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு மாஸ்டர், நான் முதலாளியத் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

தமிழ்நாட்டு 1,140 பேருக்கும் தம்பி அன்றிரவே ஒரு செய்தி எழுதினான். நான் அதில் ஒரு பிழைகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதக்கூடியவன். குழுவை மூடினான். பட்டியலை என் கண் முன்னாலேயே அழித்தான். எத்தனை பேர் அச்செய்தியைப் படித்தார்கள், எத்தனை பேர் வேறு வாசல் தேடிப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

வேனை நவம்பரில் லீசிங்காரர் எடுத்துப்போனார்கள். தம்பி இப்போது ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருக்கிறான். கிரிக்கெட்டைப் பற்றி இன்னும் எழுதுகிறான். அடியில் இணைப்பு இல்லை. முன்பு படித்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இப்போது படிப்பதில்லை என்று ஒருமுறை வருத்தமாகச் சொன்னான். வருத்தப்பட அவனுக்கு உரிமை உண்டு.

அலுமாரிகளை என்ன செய்வது என்று பழைய பாடசாலை அதிபரிடம் போய்க் கேட்டேன். அவர் சற்று யோசித்து, புத்தகம் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்றார். அடுத்த தவணை தொடங்கியதும் ஒருநாள் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டு, அதே மேடையில் ஏறி, அன்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இம்முறை யாரும் கை தட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோராகிய வாசக அன்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன். வெளியூரிலிருந்து பிள்ளை நிறையக் காசோடு வந்தால் மகிழுங்கள். மகிழ்வதற்கு முன் அது யார் இழந்த காசு என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் பெயரை எழுதிக்கொள்ள ஆவலாய் இருப்பவன் யாராயினும், அவனுக்குத் தலைக்கு எவ்வளவு என்று விசாரியுங்கள். அவன் உங்கள் ஆசிரியனாக இருந்தாலும் சரி.

கல்லூரியில் இப்போதும் காலையில் வரவுப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் பார்வையைப் பதிவேட்டிலேயே வைத்து வேகமாக ஓட்டிவிடுவேன். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து, குரல் கொடுப்பவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போகிறேன். முதற்பாடம் ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்குகிறது.